இரண்டு பதிவேடுகள்

என் மேசைமேல் இரண்டு பதிவேடுகள்.
நீல அட்டை, வந்தவர்களுக்கு.
சிவப்பு அட்டை, அவர்கள் தூக்கிவந்த தண்ணீருக்கு.

முசெம்பி, ஐந்து லிட்டர்.
மும்புவா, மூன்று. கேனுக்கு மூடியில்லை,
சோளச் சக்கையை அடைத்திருக்கிறாள்.
கிலோன்சோ ஐந்து என்கிறான்;
தூக்கிப் பார்த்தால் நாலுகூடத் தேறாது.

கிதூயிக்குக் கிழக்கே ஆறு என்றால் மணல்.
வருடத்தில் பதினோரு மாதம் அதில் லாரி போகும்.
கழுதைகளுக்கு முன்பே போய்ச் சேர்ந்து,
முழங்கை ஆழம் தோண்டி, ஊறும்வரை குந்தியிருந்து,
சுரைக்குடுக்கையால் மொண்டு வந்தவர்கள்
எட்டு மணிக்கு என் முன்னால் நிற்பார்கள்,
முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூத்து.
அந்தத் தண்ணீரில்தான்
மதியத்துக்குச் சோளமும் பயறும் வேகும்.
மிச்சத்தில் ஆசிரியர்களுக்குத் தேநீர்.
நானும் குடித்திருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை
கவாத்தா வெறுங்கையோடு வந்தாள்.
விதி விதிதான் என்று திருப்பி அனுப்பினேன்.
எட்டாம் வாய்ப்பாடு முடிந்து
ஒன்பதில் பாதி போயிருக்கும்,
வாசலில் நிழல் விழுந்தது.
இரண்டு லிட்டர். கலங்கல்.
அதற்குள் நீலப் பதிவேட்டில்
'வரவில்லை' என்று போட்டாயிற்று.
மசி. சுரண்டிப் பார்த்தேன், தாள் கிழிந்தது.

தொட்டி வந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்.
வந்தது. வந்து ஒன்றரை வருடம் சும்மா நின்றது.
தொட்டி தந்தவர்கள் தகரக் கூரைக்குத்
தூம்பு தரவில்லை.
உள்ளே தேனீ கூடு கட்டியது.
தலைமையாசிரியை சியோகாவ் பெற்றோரைக் கூட்டி
வீட்டுக்கு இருநூறு ஷில்லிங் என்றார்.
முடியாதவர்கள் கல் சுமந்தார்கள்.

அந்தக் கல்லுக்கும் வேலை இருந்தது.
மைதானத்தை நடுவில் கிழித்துக்கொண்டு
ஒரு நீர்ப்பள்ளம் ஓடும்; கழுத்தளவு.
பந்து உருண்டு விழுந்தால்
எடுத்து வரும்வரை ஆட்டத்துக்கு இடைவேளை.
கொத்தனார் கிமன்சி பள்ளத்துக்குக் குறுக்கே
ஏழு இடத்தில் கல் அடுக்கினார்.
"மண்ணை நாம் கொட்ட வேண்டாம்,
கொண்டுபோன மழையே திருப்பித் தரும்" என்றார்.
யாரும் நம்பவில்லை. நானும்தான்.

நவம்பரில் ஒரு பிற்பகல் மழை.
தகரம் அதிர, பாடம் காதில் விழவில்லை.
தூம்பு வழியே முதலில் வந்தது காப்பி நிறம்;
வௌவால் எச்சம், ஒரு பல்லி, யாரோ எறிந்த ரப்பர் செருப்பு.
கிமன்சி அடைப்பைத் திறந்து
அத்தனையையும் வெளியே விட்டார்.
பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடி வந்தார்கள்:
"தண்ணீரைக் கொட்டுகிறாரே, டீச்சர்,
தண்ணீரைக் கொட்டுகிறாரே!"
முசெம்பி கையேந்தி நின்று
கொட்டியதைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பள்ளத்தில் இப்போது இடுப்பளவு வண்டல்.
அடுத்த மழைக்குப் பந்து தாண்டிவிடும்.
நட்ட இருபது வேம்பில்
ஆட்டுக்குப் பன்னிரண்டு, கரையானுக்கு மூன்று.
மீதிக்கு முள்வேலி போட்டிருக்கிறோம்.

தொட்டித் தண்ணீர் வாசல் தாண்டக் கூடாது
என்பது குழுவின் தீர்மானம்.
கூட்டக் குறிப்பை எழுதியதே நான்.

நேற்று மணியடித்த பிறகும்
கவாத்தா போகவில்லை.
அதே மஞ்சள் கேன், காலியாக.
கேட்கவில்லை. கேனைக் கீழேயும் வைக்கவில்லை.
வீட்டில் தம்பிக்குக் காய்ச்சல் என்று
மும்புவாதான் தூரத்திலிருந்து சொன்னாள்.

குழாயைத் திறந்தேன்.
கேன் நிறையும் சத்தம்
தாழ்ந்த குரலில் தொடங்கி மேலேறியது.

பிறகு சிவப்புப் பதிவேட்டை எடுத்து எழுதினேன்:
கவாத்தா, ஐந்து லிட்டர்.
வந்ததா, போனதா என்று குறிக்க
அதில் கட்டம் இல்லை.

காலையில் கிமன்சி விரல் முட்டியால்
தொட்டியைத் தட்டிப் பார்த்தார்.
மூன்றாம் வளையத்துக்குக் கீழே சத்தம் கனக்கிறது.
பிப்ரவரி பாதிவரை வரும் என்கிறார்.
இப்படியே போனால், என்று சேர்த்துக்கொண்டார்,
என் முகத்தைப் பார்க்காமல்.